தினமும் ஒரே நேரத்தில் வந்த கனவு: பெனடிக்ட் ஃபார்லி செத்தது எப்படி?

கேள்வி: ரொம்ப வருடங்களுக்கு முன்னால் டிவியில் பார்த்த ஆங்கிலத் துப்பறியும் கதை இது. யாரையும் சந்திக்காமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் ஒரு கோடீஸ்வரர், "தினமும் ஒரே நேரத்தில் நான் என்னையே சுட்டுக்கொள்வதுபோல் கனவு வருகிறது" என்று துப்பறிவாளரிடம் சொல்கிறார். சில நாட்களில் அதேபோல் செத்துக் கிடக்கிறார். அது எந்த எபிசோடு? கொலைகாரன் எப்படிச் செய்தான் என்பது எனக்குச் சரியாகப் புரியவில்லை. நிஜத்தில் அப்படிச் செய்ய முடியுமா?

பதில்:

நீங்கள் பார்த்தது 'தி ட்ரீம்'. டேவிட் சூஷே துப்பறிவாளர் ஹெர்க்யூல் புவாரோவாக நடித்த 'அகதா கிறிஸ்டிஸ் புவாரோ' தொடரின் முதல் சீசனில் 10ஆவது எபிசோடு, அந்த சீசனின் கடைசி எபிசோடும் அதுதான். பிரிட்டனின் ஐடிவியில் 1989 மார்ச் 19 அன்று ஒளிபரப்பானது. திரைக்கதை கிளைவ் எக்ஸ்டன், இயக்கம் எட்வர்ட் பென்னட். கோடீஸ்வரர் பெனடிக்ட் ஃபார்லியாக ஆலன் ஹோவர்ட், அவருடைய இரண்டாவது மனைவியாக மேரி டாம், மகள் ஜோவானாவாக ஜோலி ரிச்சர்ட்சன். இதற்கு மூலக்கதை அகதா கிறிஸ்டியின் ஒரு சிறுகதை. 1937 அக்டோபரில் அமெரிக்காவின் சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்டிலும், 1938 பிப்ரவரியில் லண்டனின் ஸ்ட்ராண்ட் பத்திரிகையிலும் வந்தது.

நீங்கள் முடிவைக் கேட்டிருப்பதால் முழுவதையும் உடைத்துத்தான் சொல்லப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். முதல் தடவை பார்க்கும்போது கிடைக்கும் அந்தத் திடுக்கிடலை உங்களிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை.

கொலை நடக்கும் விதம் திரையிலும் அச்சிலும் ஒன்றேதான். நுணுக்கமான விவரங்கள் அச்சில் இன்னும் துல்லியமாக இருப்பதால், கொலையை விளக்கும்போது சிறுகதையைப் பின்பற்றுகிறேன்.

ஃபார்லியிடமிருந்து புவாரோவுக்கு ஒரு கடிதம் வருகிறது. இரவு ஒன்பதரைக்கு வரவேண்டும், வரும்போது இந்தக் கடிதத்தையும் கொண்டுவர வேண்டும். போனால், ஃபார்லியின் சொந்த அறைக்கு அழைத்துப் போகவில்லை, செயலாளர் ஹ்யூகோ கார்ன்வொர்த்தியின் அறைக்கு அழைத்துப் போகிறார்கள். அறை இருட்டு. ஒரே ஒரு மேஜை விளக்கு, அதன் வெளிச்சமும் வந்தவர் முகத்தில் அடிக்கும்படி திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பின்னால் கந்தல் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த பழைய அங்கி, கழுகு மூக்கு, தடித்த கண்ணாடி. ஃபார்லியைப் பற்றி ஊரே பேசிக்கொள்ளும் அடையாளங்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அந்த மனிதர் கனவைச் சொல்கிறார். தினமும் மூன்று மணி 28 நிமிடத்துக்கு மேஜை இழுப்பறையைத் திறக்கிறேன், ரிவால்வரை எடுக்கிறேன், ஜன்னலோரம் போகிறேன், சுட்டுக்கொள்கிறேன் என்கிறார். மூன்று டாக்டர்களைப் பார்த்தாயிற்று. ஒருவர் சாப்பாட்டில்தான் கோளாறு என்றார். ஒருவர் சிறுவயதில் அதே நேரத்தில் நடந்த ஏதோ ஒன்றின் நிழல் என்றார். மூன்றாமவர், உங்களுக்கு உள்ளூரச் சாகவேண்டும் என்ற ஆசை என்றார். மனோவசியம் செய்து ஒருவனைத் தற்கொலைக்குத் தள்ள முடியுமா என்பதுதான் புவாரோவிடம் அவர் கேட்கும் கேள்வி.

கனவில் வரும் அறையைப் பார்க்கலாமா என்று புவாரோ கேட்கிறார். மறுப்பு. அப்படியானால் எனக்கு இங்கே வேலையில்லை என்று எழுந்துகொள்கிறார். கிளம்பும்போது கடிதத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். புவாரோ எடுத்துக் கொடுக்கிறார், அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டு மேஜையில் வைக்கிறார். வாசல்வரை போன பிறகுதான் புவாரோவுக்கு உறைக்கிறது: கொடுத்தது வேறு கடிதம். அவருடைய சட்டைக் காலர்களைப் பாழாக்கியதற்குச் சலவைக்காரர்கள் மன்னிப்புக் கேட்டு எழுதியது. திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சரியான கடிதத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்.

ஒரு வாரம் கழித்து ஃபார்லி தன் அறையில் செத்துக் கிடக்கிறார். பக்கத்தில் ரிவால்வர். அறைக்கு வெளியே இரண்டு பத்திரிகை நிருபர்கள் பேட்டிக்காகக் காத்திருந்தார்கள். கதவைத் திறந்து அவர்களிடம் பேசிவிட்டு உள்ளே போனவர்தான் ஃபார்லி, அதன் பிறகு யாரும் உள்ளே நுழையவில்லை. ஜன்னலுக்கு எதிரே வெறும் சுவர், ஏறிவர வழியே கிடையாது. நான்கு மணிக்குப் பிறகு செயலாளர் உள்ளே போய்ப் பிணத்தைப் பார்க்கிறார். ஃபார்லியின் காகிதங்களில் புவாரோவுக்கு எழுதிய கடிதம் கிடைக்க, போலீஸ் அவரை அழைக்கிறது. புவாரோ வந்து கனவைச் சொல்கிறார். கணவர் தன்னிடமும் அந்தக் கனவைச் சொன்னார் என்று மனைவியும் சொல்கிறாள். அத்தோடு வழக்கு முடிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் உங்களுக்குக் குழப்பம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன், நிறையப் பேருக்கு வருகிறது. அன்று இரவு புவாரோ பார்த்தது ஃபார்லியே இல்லை. செயலாளர் கார்ன்வொர்த்திதான் வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஃபார்லிக்கு அப்படி ஒரு கனவு ஒருநாளும் வந்ததில்லை. கனவை உண்டாக்கியவர்கள் செயலாளரும், அவனோடு ரகசிய உறவில் இருந்த மனைவியும். ஒரு தற்கொலைக்கு முன்கூட்டியே சாட்சி தயார்செய்வதுதான் திட்டம். சாட்சியாக ஐரோப்பாவிலேயே பேர்போன துப்பறிவாளர் கிடைத்தால் போலீஸ் மறுகேள்வி கேட்காது. கடிதத்தைத் திருப்பி வாங்கியதும் அதற்காகத்தான். இறந்தவரின் காகிதங்களில் அது இருந்தால்தானே போலீஸுக்குப் புவாரோவை அழைக்கத் தோன்றும்?

கொலை இப்படி நடந்தது. செயலாளர் அறையின் ஜன்னலும் ஃபார்லி அறையின் ஜன்னலும் அடுத்தடுத்து இருக்கின்றன. பழைய கட்டடங்களில் இழுத்து மூடும் மடக்குக் கம்பிக் கதவு இருக்குமே, அதைப்போலக் குறுக்குப் பட்டைகளால் ஆன, நீட்டினால் நீளும் இடுக்கி ஒன்று அந்த வீட்டில் உண்டு. குனியாமல் கீழே கிடப்பதை எடுக்க உதவுவது. அதன் நுனியில் கறுப்புப் பூனைப் பொம்மை ஒன்றைப் பிடித்து, தன் ஜன்னல் வழியாக நீட்டி, ஃபார்லியின் ஜன்னலுக்கு முன்னால் ஆட்டுகிறான். ஃபார்லிக்குப் பூனை என்றாலே ஆகாது. எரிச்சலோடு ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டுகிறார். பக்கத்து ஜன்னலிலிருந்து சுடுகிறான். வெளியே இருக்கும் வண்டிச் சத்தத்தில் வெடிச் சத்தம் அமுங்கிவிடுகிறது. முதலிலேயே இழுப்பறையிலிருந்து எடுத்து வைத்திருந்த ஃபார்லியின் சொந்தத் துப்பாக்கி அது. பிறகு ஒன்றும் தெரியாதவன்போல் காகிதங்களோடு உள்ளே போய், துப்பாக்கியைப் பிணத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, ஐயோ என்று கத்துகிறான். அறைக்குள் யாரும் போகவில்லை என்று நிருபர்கள் சத்தியம் செய்வது முழுக்க உண்மை. கொலைகாரனுக்கு அறைக்குள் போகவேண்டிய தேவையே இருக்கவில்லை.

புவாரோ பிடித்த நூல் அந்தச் சலவைக் கடிதம். நிஜ ஃபார்லிக்குத் தடித்த கண்ணாடி இல்லாவிட்டால் உலகமே மங்கல், போட்டால் நன்றாகத் தெரியும். அன்று இரவு உட்கார்ந்திருந்த மனிதர் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருந்தார், கடிதத்தைப் பார்க்கவும் செய்தார், ஆனால் அது தவறான கடிதம் என்று தெரியவில்லை. அப்படியென்றால் அந்தக் கண்ணாடி அவருடையது இல்லை. நல்ல பார்வை உள்ள ஒருவன் மாறுவேஷத்துக்காக அதைப் போட்டிருக்கிறான், போட்டதால் குருடாகியிருக்கிறான்.

இந்த ஒரு தடயத்துக்காகவே இந்தக் கதையை நான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன். மாறுவேஷம் போட்டவனை மாறுவேஷமே காட்டிக்கொடுக்கிறது. அதுவும் நம் கண்ணெதிரே, வேடிக்கைபோல், புவாரோவின் ஞாபகமறதியைக் காட்டும் ஒரு சின்னக் காட்சியாக வருகிறது. நாம் புவாரோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது கதையின் சாவி கைமாறிவிடுகிறது. உண்மையிலேயே அப்படித்தான் ஆகுமா என்று நண்பர் ஒருவரின் மைனஸ் 9 கண்ணாடியைப் போட்டு ஒருமுறை செய்தித்தாள் படிக்க முயன்றேன். எழுத்து இருக்கிறது என்பது தெரிந்தது, என்ன எழுத்து என்பது தெரியவில்லை. இளம் கண்களுக்குக் குறைந்த பவரைச் சமாளிக்கும் சக்தி கொஞ்சம் உண்டு. இவ்வளவு பவர் என்றால் கிட்டத்தில் இருப்பது இன்னும் மோசமாகத்தான் தெரியும். அந்த விஷயத்தில் கதை நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஃபார்லியின் தனிமை. பத்து இடத்துக்குப் போய்வருகிற, பத்துப் பேரோடு சாப்பிடுகிற ஒரு பணக்காரராக அவர் இருந்திருந்தால் இந்தத் திட்டம் முதல் நிமிடத்திலேயே உடைந்திருக்கும். அவர் முகம் யாருக்கும் பழக்கமில்லை. பழக்கமானவை அங்கி, மூக்கு, கண்ணாடி, சிடுசிடுப்பு ஆகியவைதான். இவை எல்லாமே கடையில் வாங்கவும் நடிக்கவும் கூடியவை. சிறுகதையில் புவாரோவுக்கு முதல் பார்வையிலேயே இது உறுத்துகிறது. எதிரில் இருப்பவர் பெரிய செல்வந்தரின் மிடுக்கோடு இல்லை, கூத்தாடிபோல் இருக்கிறார் என்று நினைக்கிறார். அது வெறும் ஏமாற்றமாக அவர் மனதில் தங்குகிறது, பின்னால்தான் சாட்சியமாக மாறுகிறது. வெளியாட்களைத் தடுக்க ஃபார்லி எழுப்பிய சுவர் உள்ளே இருந்த இரண்டு பேருக்குத்தான் உதவியது. அவரைச் சந்திக்க யார் வரலாம், எந்த அறையில், எந்த வெளிச்சத்தில் என்பதெல்லாம் செயலாளரின் கையில். வாசலைக் காக்கிறவன்தான் எஜமானின் முகத்தையும் வைத்திருக்கிறான்.

இது கதையில் மட்டும்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். ஹோவர்ட் ஹ்யூஸை எடுத்துக்கொள்ளுங்கள். விமானமும் சினிமாவும் எடுத்துப் புகழ்பெற்ற அமெரிக்கக் கோடீஸ்வரர். 1966 நவம்பரில் லாஸ் வேகாஸின் டெசர்ட் இன் ஹோட்டலின் மேல்மாடிக்குள் போனவர், உதவியாளர்கள் சிலரைத் தவிர யாரையும் பார்க்கவில்லை. காலிசெய்யச் சொன்னதும் ஹோட்டலையே வாங்கிவிட்டார். அவரை யாரும் பார்ப்பதில்லை என்பதை நம்பித்தான் கிளிஃபோர்ட் இர்விங் என்ற எழுத்தாளர் ஹ்யூஸின் 'சுயசரிதை'யைப் போலியாகத் தயாரித்து மெக்ரா ஹில் பதிப்பகத்துக்கு விற்றார். மறுப்புச் சொல்ல ஹ்யூஸ் வெளியே வரமாட்டார் என்பது அவருடைய கணக்கு. 1972 ஜனவரி 7 அன்று ஹ்யூஸ் தொலைபேசி வழியாக ஏழு நிருபர்களிடம் பேசினார். பேசுவது ஹ்யூஸ்தானா என்று உறுதிசெய்ய, அவர்கள் பழைய விமானங்களைப் பற்றியெல்லாம் கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. இர்விங் சிறைக்குப் போனார். 1976 ஏப்ரலில் ஹ்யூஸ் இறந்தபோது உடல் அடையாளமே தெரியாதபடி மாறியிருந்ததால் கைரேகை வைத்து உறுதிசெய்தார்கள். ஃபார்லியின் கதை எழுதப்பட்டு ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து நடந்தது இது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி, நிஜத்தில் செய்ய முடியுமா என்பது. ஆள்மாறாட்டம் நடக்கும், அதற்கு ஹ்யூஸ் விவகாரமே போதும். துப்பாக்கிச் சூடு விஷயத்தில்தான் எனக்குச் சங்கடம். தற்கொலை செய்துகொள்பவர் துப்பாக்கியைத் தலையில் வைத்தோ மிக அருகில் பிடித்தோதான் சுடுவார். அப்போது காயத்தைச் சுற்றிக் கருகலும், கரியும், எரியாத வெடிமருந்துத் துகள் குத்திய புள்ளிகளும் இருக்கும். தூரம் கூடக்கூட இவை குறைந்து மறைந்துபோகும். பக்கத்து ஜன்னலிலிருந்து சுட்டால் ஒரு கை நீளத்துக்கு மேல் தூரம் வந்துவிடும். கதை எழுதப்பட்ட காலத்திலேயே பிரேதப் பரிசோதனை செய்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். தலை வெளியே நீட்டியிருக்கும்போது குண்டு பட்டால் ரத்தம் ஜன்னல் விளிம்பிலும் வெளிச் சுவரிலும் தெறிக்கும், உடல் அறைக்குள்தான் விழும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. கவனமான டாக்டர் ஒருவர் இருந்திருந்தால் புவாரோவுக்கு முன்பே இதைப் பிடித்திருப்பார். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் கதை எனக்குக் கசக்கவில்லை. காரணம், இதில் புதிரின் பாரம் துப்பாக்கியில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது. அது இம்மியும் அசையவில்லை.

எபிசோடு சிறுகதையிலிருந்து எங்கே விலகுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் நினைவில் இருப்பது அதுதான். கதையில் ஃபார்லி வெறும் 'கோடீஸ்வரர்'. எக்ஸ்டன் அவருக்கு ஒரு தொழிலைக் கொடுத்தார்: 'பை' எனப்படும், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் பண்டத்தைத் தயாரிக்கும் ஃபார்லி ஃபுட்ஸ் தொழிற்சாலை. எபிசோடே அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைச் செய்திப்படத்தின் பாணியில்தான் ஆரம்பிக்கிறது. தொழிற்சாலையாகக் காட்டப்படும் வெள்ளைவெளேரென்ற கட்டடம் மேற்கு லண்டன் பெரிவேலில் உள்ள ஹூவர் கட்டடம். வேக்குவம் கிளீனர் கம்பெனிக்காக 1930களின் தொடக்கத்தில் வாலிஸ் கில்பர்ட் நிறுவனம் அந்தக் காலத்தின் பகட்டான ஆர்ட் டெகோ பாணியில் வடிவமைத்த கட்டடம் அது. ஹூவர் 1980களில் அங்கிருந்து வெளியேறிவிட்டது, 1990களின் தொடக்கத்தில் பின்பகுதியில் டெஸ்கோ சூப்பர் மார்க்கெட் வந்தது. இடைப்பட்ட அந்தக் காலத்தில்தான் படக்குழுவுக்கு அது கிடைத்திருக்கிறது. கூச்சலும் பகட்டுமான அந்தத் தொழிற்சாலைக்கு எதிரில் தன் அறைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் முதலாளியை வைத்தது நல்ல யோசனை. ஊரே சாப்பிடும் பண்டத்தைச் செய்கிறவரை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

கதையில் புவாரோ பெரும்பாலும் தனியாகவே வருகிறார். திரையில் அவருடைய நண்பர் ஹேஸ்டிங்ஸ், போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜாப், புவாரோவின் செயலாளர் மிஸ் லெமன் மூவரும் உண்டு. மகளுக்குத் தொழிற்சாலையில் வேலைபார்க்கும் ஒரு காதலனைச் சேர்த்து, அவன் மேலும் சந்தேகம் விழும்படி செய்திருக்கிறார்கள். அந்தக் கிளைக்கதை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, ஐம்பது நிமிடத்தை நிரப்ப வேண்டியிருந்ததன் விளைவு என்றே தோன்றுகிறது. மிஸ் லெமன் விஷயம் அப்படியில்லை. தட்டச்சு இயந்திரம் பழுதாகிவிட்டது, புதியது வேண்டும் என்று எபிசோடு முழுக்கப் புவாரோவிடம் சொல்லிப் பார்க்கிறாள். புவாரோ ஒரு வழியும் தெரியாமல் தவிக்கும்போது, நேரம் என்ன என்று கேட்டதற்கு அவள் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி, தூரத்துக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறாள். மனிதன் எதற்காக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவான் என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்துவிடுகிறது. சிறுகதையில் புவாரோவின் மூளைக்குள் நடப்பதைத் திரையில் கண்ணால் பார்க்கும்படி மாற்றியது எக்ஸ்டனின் கைவண்ணம்.

கடைசியில் புவாரோ நன்றியோடு மிஸ் லெமனுக்கு ஒரு பரிசுப் பெட்டியை நீட்டுகிறார். தட்டச்சு இயந்திரம்தான் என்று ஆசையாகப் பிரிக்கிறாள். உள்ளே ஒரு கடிகாரம். இனி நேரம் பார்க்க அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டவேண்டாம் பாருங்கள். மிஸ் லெமனாக நடித்த பாலின் மோரன் அந்த நொடியில் முகத்தில் காட்டும் பாவனைக்காகவாவது மறுபடி ஒருமுறை பாருங்கள். பார்க்கும்போது, கடிதம் கைமாறும் இடத்தில் புவாரோவைப் பார்க்காமல் அதை வாங்குகிறவரின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருங்கள்.